கண்டிச் சீமையின் பயிலுநர் ஆசிரியர்கள்: கைகொடுத்தவர் எவர்?

மலையகக் கல்வியின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். எந்த ஆண்டில் எந்தச் சட்டம் வந்தது, தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எப்போது பொறுப்பேற்றது, எந்த வெளிநாடு கட்டடம் கட்டித் தந்தது என்பனவெல்லாம் நூல்களில் பதிவாகியுள்ளன. ஆனால், பயிற்சி நிறைவுபெறாத ஓர் இளைஞனோ யுவதியோ முதன்முதலாக வகுப்பறைக்குள் காலடி வைத்து, அங்கே தடுமாறி நின்ற வேளையில் பக்கத்தில் எவர் இருந்தார் என்ற கேள்விக்கு அந்நூல்களில் அதிக இடமில்லை. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் முன்வைத்து அந்தக் கேள்வியை இங்கே பின்தொடர விரும்புகிறேன்.

இந்த விடயத்தில் எனக்கு அக்கறை ஏற்பட்டது வாசகர் கடிதங்கள் மூலமாகவே. பத்திரிகை அலுவலகத்தில் அக்கடிதங்களைப் பிரித்து வகைப்படுத்தும் வேலை ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது. பத்திரிகையை நடத்துபவருக்கும் பாடசாலையில் கற்பிப்பவருக்கும் தமிழில் ஒரே பெயர் என்பதால், பாடசாலைகளிலிருந்து வருவனவற்றை 'ஆசிரியர் ஆசிரியருக்கு எழுதியது' என்று நாங்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. பெரும்பாலானவை இடமாற்றம், சம்பள நிலுவை, பதவி உயர்வு பற்றியவை. இடையிடையே வேறு வகைக் கடிதங்களும் வரும். பெயர் இராது, ஊர் இராது, கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். இரண்டு வகுப்புகளை ஒன்றாக அமர்த்தித் தந்திருக்கிறார்கள், ஒன்றுக்குக் கற்பிக்கும்போது மற்றொன்று கலைந்துவிடுகிறது, அதிபரிடம் கூறினால் திறமையில்லை என்று எழுதிவிடுவார், கல்லூரியிலிருந்து வரும் விரிவுரையாளரிடம் கூறினால் புள்ளி குறையும், வீட்டில் கூறினால் அழுவார்கள் என்ற பாங்கில் அவை அமைந்திருக்கும். முகம் தெரியாத ஒரு பத்திரிகைக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் அவர்கள்.

அந்த நிலைமை எப்படி உருவானது என்பதற்கு வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். மூத்த மாணவன்; வாத்தியாரின் கண்பார்வையில் இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவன். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தமது பள்ளியின் ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பார்த்தார். 1797இல் அதனை அவர் நூலாக வெளியிட்டபின் 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது உலகைச் சுற்றி வந்தது. பின்னர் இங்கிலாந்தில் 1846 முதல் மாணவ ஆசிரியர் முறை ஏற்பட்டது. பதின்மூன்று வயதில் சேர்ந்து ஐந்தாண்டுகள் தலைமையாசிரியர் ஒருவரின் கீழ்த் தொழில் பழக வேண்டும். மலிவான ஏற்பாடு, பிள்ளைகளைக் கொண்டு பிள்ளைகளை மேய்க்கும் வேலை என்று இம்முறைகளைக் குறைகூறியோர் பலர். அந்தக் குறைகளில் உண்மையும் உண்டு. எனினும் சட்டாம்பிள்ளையானாலும் மாணவ ஆசிரியரானாலும், கற்பிக்கப் பழகியவருக்கு அருகிலேயே கற்பிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கண்டிச் சீமைக்கு நமது மக்கள் கோப்பித் தோட்டங்களுக்காக வந்து சேர்ந்தபோது சட்டாம்பிள்ளை வந்தான், வாத்தியார் வரவில்லை. 1850களின் நடுப்பகுதியில் கண்டிப் பகுதித் துரைமார் சிலரின் ஆதரவுடன் திருச்சபைத் தூதுப்பணிச் சங்கம் தோட்டத் தமிழரிடையே பணியைத் தொடங்கியது. அதன் உபதேசியார்களே பல தோட்டங்களில் முதல் ஆசிரியர்களாகவும் இருந்தனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலை, அடுத்த அரை நூற்றாண்டில் ஹேவாஹெட்டை, புசல்லாவை, ரங்கலை, தொலஸ்பாகை என மலைகளை மூடியது. அத்தோடு லயங்களும் பெருகின, பிள்ளைகளும் பெருகினர். 1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது.

துரை என்ன செய்வார்? எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து 'மாஸ்டர்' ஆக்கினார். கங்காணியின் உறவினர், கணக்கப்பிள்ளையின் தம்பி, ஊரிலிருந்து வேலை தேடி வந்த ஒருவர் என எவராகவும் அவர் இருக்கலாம். ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். பெரட்டுக்களத்திலே பெயர் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகளும் இருந்தனர். ஆதலால் பாடசாலை பல இடங்களில் அரை நாள்தான். மாஸ்டர் மிகுதி நேரத்தில் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார், கோயில் திருவிழாக் கணக்கைப் பார்ப்பார், காமன் கூத்துக்குப் பாட்டுப் பிரதி எடுத்துக்கொடுப்பார். இந்த மனிதர்களைக் கேலிச் சித்திரமாக்குவது எளிது. பிரம்பும் வெற்றிலையுமாக அவர்களை நமது கதாசிரியர்கள் வரைந்திருக்கின்றனர். தாம் செய்யும் வேலை சரியா பிழையா என்று கூறுவதற்கு மைல் கணக்கில் ஒருவரும் இல்லாத நிலையில் அவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் அதனைச் செய்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் கேலி செய்ய மனம் வராது.

ஒருவரும் இல்லை என்று கூறினேன். ஒருவர் இருந்தார்: பரிசோதகர்.

மோர்கன் குழுவின் விதந்துரைகளையடுத்து 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கு ஏற்ப நன்கொடை என்ற ஆங்கிலேய முறையும் அக்காலத்தில் இங்கே புகுந்தது. பிள்ளைகள் எத்தனை பேர் வாசித்தார்கள், எத்தனை பேர் கணக்குச் செய்தார்கள் என்று பரிசோதகர் பார்த்துக் குறிப்பெழுதுவார். பணம் அதற்கேற்ப வரும். இந்த ஏற்பாடு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அது உண்டாக்கிய பழக்கம் ஒழியவில்லை. வெளியிலிருந்து பாடசாலைக்கு வருபவர் குறை கண்டுபிடிக்க வருபவர். அவர் வரும் நாளில் எல்லாம் சரியாக நடப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும். அவர் போனபின் பழையபடி இருந்துகொள்ளலாம் என்ற பழக்கம் அது. பரிசோதகர் வருகிறார் என்றதும் கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, மெல்லக் கற்பவர்களை அன்றைக்கு வரவேண்டாம் என்று கூறிவிடும் வழக்கத்தை நமது மூத்த தலைமுறையினர் அறிவார்கள். இன்றும் கல்வியியற் கல்லூரி விரிவுரையாளர் வரும் நாளில் பயிலுநர் ஆசிரியை வண்ணக் காகிதங்களை ஒட்டி, ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தையே மீண்டும் நடத்துகிறார் என்றால், அதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது எனது துணிபு.

கண்டியில் இதற்கு மாறாகச் சிந்தித்த ஒருவரும் இருந்தார். 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரியின் அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர், கிறிக்கெட்டுக்கும் கட்டுப்பாட்டுக்கும் பெயர்போன அக்கல்லூரியில் சுதேச மொழிகளுக்கு இடம் கொடுத்தவர். கிராமத்து ஆசிரியரைக் கிராமத்துச் சூழலிலேயே உருவாக்க வேண்டும் என்ற கருத்துடையவர். பேராதனையில் ஆசிரியர் பயிற்சிக் குடியிருப்பு ஒன்றை மிஷன்கள் கூட்டாகத் தொடங்கியதில் அவருக்கு முக்கிய பங்குண்டு. இந்தியக் கிராமக் கல்வி பற்றி ஆராயப் புரட்டஸ்தாந்து மிஷன்கள் அமைத்த ஆணைக்குழுவுக்கும் அவரே தலைவர். அதன் அறிக்கை 1920இல் வெளியாயிற்று. அக்குழுவில் சேலத்துத் தமிழரான கே. டி. பால் அங்கம் வகித்தார் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஒரே ஆசிரியருடன் இயங்கும் சிறு பள்ளியும், பயிற்சி பெற்றுச் சென்றபின் தனிமையில் பின்வாங்கிவிடும் ஆசிரியரும் அந்தக் குழுவின் பெருங்கவலைகளாக இருந்தன. 1920ஆம் ஆண்டே கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் அதே ஓராசிரியர் பாடசாலையைச் சட்டம் வகுத்துப் பெருக்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து மாஸ்டர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தப் பயிற்சிக் கலாசாலையின் வாசலையும் மிதிக்காதவர்கள்.

அடுத்து வந்த அரை நூற்றாண்டைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். அது நன்கு அறியப்பட்டதே. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அரச ஆசிரிய சேவையின் கதவும் அதோடு அவர்களுக்கு அடைபட்டது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசிடம் சென்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை பிள்ளைகளையும் பெற்றோரையும் மட்டுமல்லாது படித்த குடும்பங்களையும் கப்பலேற்றியது. தோட்டங்கள் தேசியமயமானபின், 1970களின் பிற்பகுதியிலேதான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரச பாடசாலைகளாயின. அவற்றின் வெற்றிடங்களை வடக்கு, கிழக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள் ஓரளவு நிரப்பினர். 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் அவர்களிற் பலர் ஊர் திரும்பினர்.

ஆகவே 1980களில் மலையகத்து இளைஞர்களையே ஆசிரியர்களாக நியமிப்பது தவிர்க்க முடியாததாயிற்று. தொண்டமான் அமைச்சரவையிலிருந்து கொடுத்த அழுத்தமும் அதற்கு ஒரு காரணம். சாதாரண தரமோ உயர் தரமோ சித்தியெய்திய லயத்துப் பிள்ளைகள் நியமனக் கடிதத்துடன் பாடசாலைக்குப் போனார்கள். அந்த நாட்களில் ஒரு தோட்டத்தில் ஒருவருக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தால் அது முழுத் தோட்டத்துக்கும் திருவிழா. கோயிலில் பூசை நடக்கும். கடையில் பற்று வைத்துச் சப்பாத்து வாங்குவார்கள். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளை அறுபது மாணவர்களின் முன் நிற்பார். முதல் பயிற்சி அதுதான். கலாசாலைப் பயிற்சி ஆண்டுகள் கழித்து வரும். வைத்தியரையோ சாரதியையோ நாம் இவ்வாறு தொழிலுக்கு விடுவதில்லை.

இங்கே சற்று வெளியுலகைப் பார்ப்பது பயனுடையது. நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் வீன்மன் என்ற ஆய்வாளர், பல நாடுகளிலும் நடந்த 83 ஆய்வுகளைத் தொகுத்து, புதிய ஆசிரியர்கள் எவற்றில் தடுமாறுகின்றனர் என்று 1984இல் எழுதினார். வகுப்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது முதலிடம் பெற்றது. பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டுவது, பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் ஆற்றலைச் சமாளிப்பது, மதிப்பிடுவது, பெற்றோருடன் பழகுவது ஆகியவை அடுத்தடுத்து வந்தன. வசதி மிக்க நாடுகளின் ஆசிரியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். தடுமாற்றம் என்பது லயத்துப் பிள்ளையின் குறைபாடன்று. அந்தத் தொழிலின் தொடக்கமே அப்படித்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். ஆசிரியராகும் எவரும் அதற்குமுன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மாணவராக இருந்து ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆகவே நெருக்கடி வரும்போது, கல்லூரியில் கற்ற முறை கைவிட்டுப்போகும். தனக்குக் கற்பித்தவர் செய்ததே கைக்கு வரும். மலையகத்தில் அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாஸ்டரின் பிரம்பு மாஸ்டரோடு ஓய்வுபெறாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

1980களில் இதற்கு இரண்டு வகையான மருந்துகள் தரப்பட்டன. ஒன்று தொலைக்கல்வி. சுவீடனின் சீடா நிறுவன உதவியுடன், பணியிலிருந்துகொண்டே பயிற்சி பெறும் திட்டம் நடைமுறைக்கு வந்தது; 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய கல்வி நிறுவகம் உருவானபின் அது அந்நிறுவகத்தின் பொறுப்பில் நடந்தது. அச்சிட்ட பாட அலகுகள் தபாலில் வரும். வார இறுதியில் நிலையமொன்றில் கூடுவார்கள். போதனாசிரியர் ஒருவர் விடைகளைத் திருத்துவார். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று தனியான சீடா திட்டமும் 1986இல் தொடங்கியது. தொலைக்கல்வி என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஆனால் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜஸ் ஆய்வுத் திட்டத்தின் கீழ், இலங்கையின் மூன்று வகை ஆசிரியர் பயிற்சிகளையும் ஒப்பிட்டு, 1990களின் தொடக்கத்தில் வெளியான முடிவுகள், தொலைக்கல்வி மிகக் குறைந்த செலவில் மதிக்கத்தக்க பலனைத் தந்ததாகவே காட்டின.

அத்திட்டத்தில் படித்தவர்கள் சிலருடன் பின்னாளில் நான் உரையாடியிருக்கிறேன். பாட அலகுகளில் என்ன இருந்தது என்பது அவர்களுக்கு அதிகம் நினைவில்லை. சனிக்கிழமைகளே நினைவிலிருந்தன. தன்னைப் போலவே இன்னொருவருக்கும் மூன்றாம் வகுப்பு அடங்கவில்லை என்று தெரிந்துகொண்ட சனிக்கிழமை. ஒருவர் தீப்பெட்டிகளைக் கொண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, மற்றவர்கள் திங்களன்று தாமும் செய்து பார்த்த சனிக்கிழமை. அங்கே எவரும் எவருக்கும் புள்ளியிடவில்லை.

இரண்டாவது மருந்து கல்வியியற் கல்லூரிகள். 1985இல் தொடங்கி, 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட இக்கல்லூரிகளின் அமைப்பு நல்ல சிந்தனையில் பிறந்தது. இரண்டாண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு. கண்டியில் பொல்கொல்லையில் மகாவலி கல்லூரி; மலையகத் தமிழருக்குப் பெரிதும் பயன்பட்டது, ஜேர்மனியின் ஜி.டி.இசட். உதவியுடன் 1990களின் தொடக்கத்தில் கொட்டகலைக்கு அருகே உருவான பத்தனை ஸ்ரீபாத கல்லூரி. பழைய ஓராசிரியர் மாஸ்டருக்குக் கிடைக்காதது அனைத்தும் இதில் ஏட்டளவில் உண்டு. அதிபர் வழிகாட்டுவார், மூத்த ஆசிரியர் ஒருவர் துணையிருப்பார், கல்லூரி விரிவுரையாளர் வந்து பார்ப்பார்.

கண்டி மாவட்டத்தின் நிலவியல் இந்த ஏட்டை எவ்வாறு கிழிக்கிறது என்பதைக் கூற வேண்டும். நகரில் நல்லாயன் மகளிர் கல்லூரி போன்ற பாடசாலைக்குச் செல்லும் பயிலுநருக்கு ஒரே பாடத்தில் நான்கைந்து மூத்த ஆசிரியர்கள் உண்டு. ஆசிரியர் ஓய்வறையில் அமர்ந்து கேட்டாலே பாதிப் பயிற்சி. அதே கல்லூரியின் அதே வகுப்பில் படித்த தோழி வத்தேகம வலயத்திலோ தெல்தெனிய வலயத்திலோ மலைக்கு மேலே உள்ள தோட்டப் பாடசாலையொன்றுக்குச் செல்கிறார். பஸ் கடைசித் தரிப்பிடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் தேயிலைக் காட்டினூடாக நடை, மழைக்காலமானால் அட்டை. தங்குவதற்கு விடுதி இராது. தோட்ட உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டில் ஓர் அறை கிடைத்தால் பாக்கியம். பாடசாலையில் அதிபரும் ஒரு வகுப்புக்குப் பொறுப்பானவர். மூத்த ஆசிரியர் என்று எவரும் இல்லை. இருந்தால் அவர் இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். விரிவுரையாளர் ஆண்டில் சில தடவை வருவார், வரும்போது மதிப்பீட்டுப் படிவத்துடன் வருவார். உதவி அதிகமாகத் தேவைப்படும் பயிலுநருக்குக் குறைவாகக் கிடைப்பதும், குறைவாகத் தேவைப்படுபவருக்கு அதிகமாகக் கிடைப்பதும் எவருடைய சதியுமன்று. பயிலுநரை வெற்றிடம் உள்ள இடத்துக்கு அனுப்பும் வரை அப்படித்தான் நடக்கும். வழிகாட்ட ஆள் உள்ள இடம் ஒன்று, வெற்றிடம் உள்ள இடம் வேறொன்று.

1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்றையும் கலந்து கற்பிக்கும்படி பயிலுநருக்குக் கல்லூரியில் சொல்லப்பட்டது. அவரும் பிள்ளைகளை வட்டமாக அமர்த்திச் செயற்பாட்டைத் தொடங்குவார். மெல்லிய தடுப்புக்கு அப்பால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியருக்கு அது சத்தம். வகுப்பு அடங்கவில்லை என்ற தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிடும். உண்மையிலேயே தடுமாறும் பயிலுநரையும், சரியாகச் செய்துகொண்டு தடுமாறுவதாகத் தோன்றும் பயிலுநரையும் பிரித்தறிய, பத்து நிமிடமாவது பின்வரிசையில் அமர்ந்து பார்க்கும் ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவரை நமது அமைப்பு உருவாக்காமலும் இல்லை. சேவைக்கால ஆலோசகர் என்று தொடங்கி, இன்று ஆசிரிய ஆலோசகர் என்று அழைக்கப்படுபவர் அவர்தான். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பாடசாலைகளுக்குச் சென்று ஆசிரியருக்குத் துணைநிற்பது அவரது கடமை. கெட்டிக்காரர்கள் பலர் அப்பணியில் இருந்திருக்கின்றனர். ஆனால் தமிழ்மொழிமூல ஆலோசகர் ஒருவருக்கு மலைக்கு மலை சிதறிய பாடசாலைகள். போக்குவரத்துப்படி எப்போதும் சர்ச்சை. அலுவலகத்தில் படிவம் நிரப்பும் வேலையும் அவருக்கே. காலப்போக்கில் பாடக்குறிப்புப் புத்தகத்தில் சிவப்பு மையால் ஒப்பமிடுவது அவரது வருகையின் அடையாளமாயிற்று. பரிசோதகர் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டார்.

2014, 2015ஆம் ஆண்டுகளில் நடந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பெருந்தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்ப மூவாயிரம் அளவிலான மலையக இளைஞர் யுவதிகள் 'ஆசிரியர் உதவியாளர்' என்ற பெயரில் சேர்க்கப்பட்டனர். கொடுப்பனவு மாதம் 6,000 ரூபா. பின்னர் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உதவியாளர் என்றால் எவருக்கு உதவியாளர்? பெயரைப் பார்த்தால் ஒரு மூத்த ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று பழகப்போகிறார்கள் என்றே தோன்றும். அப்படி நடந்திருந்தால் அது சட்டாம்பிள்ளை முறையின் நல்ல அம்சத்தின் மறுபிறப்பாக இருந்திருக்கும். பல பாடசாலைகளில் அவர்கள் முதல் நாளிலேயே முழு வகுப்புக்கும் பொறுப்பாளர்களானார்கள். போராட்டங்கள் நடந்தன, பத்திரிகைகள் எழுதின. எழுதப்பட்டவை அனைத்தும் கொடுப்பனவைப் பற்றியவை. 6,000 ரூபாவில் பஸ் கட்டணமும் போகாது என்பது உண்மைதான். அந்தப் போராட்டத்தின் நியாயத்தை எவரும் மறுக்க முடியாது. ஆயினும், அவர்கள் வகுப்பறையில் தனியாக விடப்பட்டனர் என்பது எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் இருந்ததாக நான் காணவில்லை. கொட்டகலை யதன்சைட் ஆசிரியர் கலாசாலை போன்ற இடங்களுக்குப் பயிற்சிக்காக அவர்கள் சென்றது அதன் பின்னரே. 1980களின் வரிசை முறையே மீண்டும்: முதலில் வகுப்பு, பிறகு பயிற்சி.

பாதிக்கப்படுவது பயிலுநர் மட்டுமன்று. ஓராண்டு தடுமாறிய ஆசிரியை அடுத்த ஆண்டு எப்படியோ பழகிக்கொள்வார். அந்த ஓராண்டில் முதலாம் வகுப்பிலிருந்த பிள்ளைக்கு மீண்டும் ஒரு முதலாம் வகுப்பு வராது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் கொழுந்து பறிப்பவர்கள். வீட்டில் வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வசதி அவர்களுக்கு இராது. பயிலுநரும் அதே லயத்திலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு இது நன்றாகத் தெரியும். நான் கண்ட பயிலுநர்கள் பலரை வாட்டியது புள்ளி அன்று, இந்த அறிவே.

தடுமாறியவர்களில் மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்று பல ஆண்டுகளாக விசாரித்து வந்திருக்கிறேன். பெரிய திட்டம் எதையும் எவரும் கூறவில்லை. முழு வகுப்பையும் கொடுக்காமல், முதல் மாதம் எட்டுப் பத்துப் பிள்ளைகளை மட்டும் ஒரு மூலையில் தந்த அதிபர். தமது வகுப்புக்கு வந்து தாம் செய்யும் பிழைகளை எழுதித் தரும்படி பயிலுநரிடம் கேட்ட மூத்த ஆசிரியை. மாலையில் பஸ் வரும்வரை இருபது நிமிடம் அன்றைய பாடத்தைப் பற்றிப் பேசிய பக்கத்துப் பாடசாலை ஆசிரியர். இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்தால் ஒன்றுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டே மற்றொன்றைத் தொடங்க வேண்டும் என்ற பல்தர வகுப்பின் அரிச்சுவடியைக் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் காட்டியவர். இவர்களில் ஒருவரும் அந்தப் பயிலுநருக்குப் புள்ளியிடும் அதிகாரம் உள்ளவர் அல்லர். அதனாலேயே அவர்களிடம் உண்மையைக் கூற முடிந்தது. மதிப்பிடுபவரும் துணைநிற்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் எழுதினாலே கட்டுறு பயில்வின் பாதி நோய் தீரும் என்று நினைக்கிறேன். அதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், வெளிநாட்டு உதவியும் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கண்டி நகரிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நிறையப் பேர் இருக்கின்றனர்.

அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். பெயரைக் குறிப்பிடுவதை அவர் விரும்பமாட்டார். புசல்லாவைப் பக்கத்தில் நீண்ட காலம் கற்பித்தவர். தமது பாடசாலைக்கு வரும் ஒவ்வொரு பயிலுநரிடமும் முதல் வாரம் கற்பிக்க வேண்டாம் என்பார். பிள்ளைகளின் பெயர்களையும், எந்த லயம், எத்தனை சகோதரர், காலையில் சாப்பிட்டு வருகிறார்களா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வரும்படி கூறுவார். வார இறுதியில் கொப்பியைப் பார்க்கமாட்டார். மூடி வைத்துவிட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்பார். சொல்லத் தடுமாறிய பிள்ளைகளின் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளுடன் தொடங்கும்படி அனுப்புவார்.